பின்னிருக்கைக்கும் செவி உண்டு



பள்ளியில் 34 ஆண்டுகள் இயற்பியல் கற்பித்து, அவற்றுள் இறுதி 9 ஆண்டுகள் தலைமையாசிரியனாகவும் பணியாற்றி ஓய்வு பெற்றவன் நான். இன்று உங்களோடு பேச எடுத்துக்கொண்ட செய்தி மிகச் சிறியது. ஒரு பழைய மோட்டார் காரின் பின்கதவுகளில் இரண்டு ஒலிபெருக்கிகளைப் பொருத்தினேன். அவ்வளவே. ‘இதைச் சொல்வதற்கு ஒரு தலைமையாசிரியர் வானொலி நிலையம் வரை வரவேண்டுமா?’ என்று உங்களில் குறும்புக்காரர் கேட்கலாம். ஆயினும், வகுப்பறையில் நான் கற்பித்த பாடத்தை எனக்கே மறுபடியும் கற்பித்த வேலை அது. ஆதலின் சிறிது பொறுமையோடு கேளுங்கள்.

எங்கள் வீட்டில் இருப்பது ஓர் அம்பாசிடர் கார். ஆங்கில நாட்டு மாரிஸ் ஆக்ஸ்போர்டு காரின் அமைப்பைத் தழுவி, வங்காளத்தின் உத்தரபாடாவில் 1950-களின் பிற்பகுதி முதல் 2014 வரை இந்த வகைக் கார்கள் உருவாயின. எங்களுடையது என் தந்தையார் 1986-இல் வாங்கிய மார்க் 4. கதவுகளின் உட்புறத்தில் ரெக்ஸின் போர்த்த பலகைகள் உண்டு. அந்த ரெக்ஸினின் அரக்கு நிறத்தைத் தந்தையாரே விரும்பித் தேர்ந்தெடுத்தார். அவர் மறைந்தபின் காரை அண்ணன் ஓட்டினார். இப்போது அவருக்கு எழுபத்தாறு வயது. முழங்கால் வலியால், காலை நீட்டி அமர வசதியான பின்னிருக்கைதான் அவருடைய இடம். ஓட்டுபவன் நான்.

காரில் ஒரு பழைய வானொலிப் பெட்டி இருந்தது. அதற்கு ஒரே ஓர் ஒலிபெருக்கி, முன்புறத்தில், டாஷ்போர்டின் கீழே. அண்ணன் நாதசுர இசையில் தோய்ந்தவர். ஒருநாள் தஞ்சாவூர்ச் சாலையில் போய்க்கொண்டிருக்கையில் பின்னாலிருந்து அவர் கேட்டார்: “தம்பி, தவில் கேட்கிறது, நாதசுரம் எங்கே போயிற்று?”

நான் ஒலியைக் கூட்டினேன். முன்னிருக்கையில் இருந்த என் மனைவி காதைப் பொத்திக்கொண்டாள். பின்னாலிருந்தோ மறுமொழி இல்லை. அன்றுமுதல் கவனித்தேன். செய்தி ஒலிக்கும்போது அண்ணன் தலையை மட்டும் ஆட்டுவார். நாங்கள் முன்னால் பேசிச் சிரித்தால் தாமும் சிரிப்பார். எதற்குச் சிரித்தோம் என்று கேட்டால் அறியமாட்டார். ஒரு மனிதர் நம்முடனேயே பயணம் செய்தும், சிறிது சிறிதாக நம்மைவிட்டு இறங்கிப் போய்க்கொண்டிருந்தார்.

இதற்குக் காரணம் என்ன? தாழ்ந்த ஒலியின் அலைகள் நீளமானவை. நொடிக்கு 100 அதிர்வுகளை உடைய ஒலியின் அலைநீளம் காற்றில் ஏறத்தாழ 3.4 மீட்டர். அத்தகைய அலை இருக்கையையும் ஆட்களையும் சுற்றி வளைந்து பின்னால் சென்றுவிடும். உயர்ந்த ஒலியின் அலைகள் குறுகியவை. அவை பெரும்பாலும் நேர்வழியிலேயே செல்லும். இருக்கையின் பஞ்சும் துணியும் அவற்றை உறிஞ்சிவிடும். நம் பேச்சில் ‘ச’, ‘த’, ‘ப’ போன்ற மெய்யொலிகளைத் தெளிவாக்குவன இந்த உயர்ந்த அதிர்வுகளே. முதுமையில் செவி முதலில் இழப்பதும் இவற்றைத்தான். ஆகவே அண்ணனுக்குக் குரல் கேட்டது, சொல் கேட்கவில்லை. தவிலின் முழக்கம் வந்தது. நாதசுரத்தின் இனிமை வரவில்லை.

வகுப்பில் கடைசி வரிசை மாணவனுக்குப் பாடம் கேட்கவில்லையென்றால் ஆசிரியர் என்ன செய்யவேண்டும்? மேடையில் நின்றபடியே கத்தினால் முதல் வரிசைக்குத் தலைவலி. கடைசி வரிசைக்கு வெறும் இரைச்சல். நல்ல ஆசிரியர் நடந்து சென்று அந்தக் கடைசி வரிசையின் அருகில் நின்று, இயல்பான குரலில் பேசுவார். காரிலும் அதையே செய்ய முடிவு செய்தேன். ஒலியைப் பின்னிருக்கைக்கு அருகே கொண்டுபோக வேண்டும்.

எங்கே பொருத்துவது? பின்னிருக்கைக்குப் பின்னே, கண்ணாடியின் அடியில் ஒரு தட்டு உண்டு. பலர் அங்கேதான் பொருத்துவர். ஆனால் அந்தக் கண்ணாடி வழியே நாள்முழுதும் வெயில் விழும்; ஒலிபெருக்கியின் காகிதக் கூம்பு விரைவில் நைந்துபோகும். ஆகவே பின்கதவுகளையே தேர்ந்துகொண்டேன். ரெக்ஸினுக்குள் மறைத்து வைத்துவிட்டால் தந்தையார் கண்ட தோற்றம் மாறாது என்று முதலில் எண்ணினேன். ஆனால் எந்த உயர்ந்த ஒலிக்காக இவ்வளவு பாடுபடுகிறேனோ, அந்த ஒலியைத் தடித்த ரெக்ஸின் தடுத்துவிடும். எனவே ஒலிபெருக்கி வெளியே தெரியத்தான் வேண்டும்.

இனி என் பிழையைச் சொல்கிறேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, இடப்புறப் பின்கதவின் உட்பலகையில் ஒலிபெருக்கியின் அகலத்தைக் குறித்துக்கொண்டு, வட்டமாக வெட்டி, கருவியைப் பொருத்தினேன். மிக அழகாகப் பொருந்திற்று. மகிழ்ச்சியோடு கண்ணாடியை இறக்கக் கைப்பிடியைச் சுற்றினேன். பாதி வழியில் ‘டக்’ என்று ஓர் ஓசை; கண்ணாடி நின்றுவிட்டது. ஒலிபெருக்கியின் பின்னே இருந்த காந்தம் அதன் வழியை மறித்துக்கொண்டிருந்தது. நான் அகலத்தை அளந்தேன், ஆழத்தை அளக்கவில்லை. கண்ணாடி ஏறியிருந்த நிலையில் கதவைப் பார்த்தேன். இறங்கும்போது அது எங்கே வரும் என்று நினைக்கவில்லை.

அண்ணன் தடியூன்றி வந்தார். தந்தையார் தேர்ந்தெடுத்த ரெக்ஸினில் நான் வெட்டிய துளையின் விளிம்பை விரலால் ஒருமுறை தடவினார். பிறகு மெல்லச் சொன்னார்: “அளவுகோல் எதற்கு என்று ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் நீதானே தம்பி சொல்லிக்கொடுத்தாய்?”

அவர் கோபித்திருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். மரத்தில் அடித்த ஆணியைப் பிடுங்கலாம்; பூசிய வண்ணத்தைச் சுரண்டலாம்; வெட்டிய துளையை வெட்டாததாக ஆக்க முடியாது. வலப்புறப் பலகையையாவது நான் இன்னும் தொடாமல் இருந்தேனே என்பதுதான் அன்று எனக்குக் கிடைத்த ஒரே நிம்மதி.

மறுநாள் எங்கள் தெருத் தச்சரிடம் போனேன். அவர் செய்த முதல் வேலையே எனக்குப் பாடமாயிற்று. பழைய பலகைகள் இரண்டையும் கழற்றி, பழுப்புத்தாளில் வைத்து அவற்றின் வடிவத்தை வரைந்துகொண்டார். கைப்பிடிக்கும் கிளிப்புகளுக்கும் உரிய துளைகளையெல்லாம் குறித்தார். பிறகு கண்ணாடியை முழுதும் இறக்கச் சொல்லி, அதற்கும் பலகைக்கும் உள்ள இடைவெளியைக் குச்சியால் அளந்தார். ஒலிபெருக்கியின் ஆழமோ இரண்டரை அங்குலம். உள்ளே இருந்த இடம் அதைவிடக் குறைவு. ஆகவே ஓர் அங்குலக் கனமுள்ள மரவளையம் ஒன்றைக் கடைந்து, அதன்மேல் ஒலிபெருக்கியை முன்தள்ளி நிறுத்தலாம் என்றார். பழைய பலகைகளை வெட்டாமல், 6 மில்லிமீட்டர் பிளைவுட்டில் புதிய பலகைகள் செய்து, ஒத்த நிறத்தில் ரெக்ஸின் போர்த்தினோம். தந்தையார் காலத்துப் பலகைகள், துளைபட்டதும் படாததும், துணியில் சுற்றிப் பரணில் இருக்கின்றன. நாளை வேண்டுமானால் காரைப் பழைய கோலத்துக்கே திருப்பலாம்.

மாணவர்களே, இந்த இடத்தில் ஒரு சோதனையைச் சொல்கிறேன். வீட்டில் செய்து பாருங்கள். ஒலித்துக்கொண்டிருக்கும் ஒரு சிறு ஒலிபெருக்கியை மேசைமேல் தனியே வையுங்கள். ஒலி மெலிந்து கேட்கும். பெரிய அட்டையில் அதன் அளவுக்குத் துளையிட்டு, அதில் அதைப் பொருத்திக் கேளுங்கள், ஒலி தடித்துவிடும். கூம்பு முன்னே தள்ளும்போது முன்னால் காற்று நெருங்குகிறது. அதே கணத்தில் பின்னால் தளர்கிறது. இந்த இரண்டு அலைகளும் விளிம்பைச் சுற்றிச் சந்தித்தால், தாழ்ந்த ஒலிகளில் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். இடையே நிற்கும் அட்டை அந்தச் சந்திப்பைத் தடுக்கிறது. கார்க் கதவின் பலகையும் அவ்வாறே. அது கருவியைத் தாங்கும் சட்டம் மட்டுமன்று. கருவியின் ஒரு பகுதியே ஆகும். ஆகவே வளையத்தைச் சுற்றி இடுக்கு இல்லாதபடி ரப்பர்ப் பட்டை வைத்து இறுக்கினோம்.

வேறு சில எச்சரிக்கைகளும் உண்டு. வேலை தொடங்குமுன் பாட்டரியின் இணைப்பைக் கழற்றவேண்டும். மழைநீர் கண்ணாடியின் ஓரமாகக் கதவுக்குள் இறங்கி, அடியிலுள்ள துளைகள் வழியே வெளியேறும். ஆகவே ஒலிபெருக்கியின் பின்புறத்துக்கு மேலே, கண்ணாடியில் படாதபடி, ஒரு சிறு பிளாஸ்டிக் கூரை வேண்டும். கதவு திறந்து மூடும் இடத்தில் கம்பி அறுபடாதிருக்க, அதை ரப்பர்க் குழாய்க்குள் செலுத்திச் சற்றே தளர்த்தி விடவேண்டும். எங்கள் புதிய வானொலிப் பெட்டி 4 ஓம் தடைக்கு ஏற்றது. 4 ஓம் ஒலிபெருக்கிகள் இரண்டைப் பக்க இணைப்பில் ஒரே வழியில் சேர்த்தால் தடை 2 ஓம் ஆகி, பெட்டி சூடேறும். எனவே ஒவ்வொன்றுக்கும் தனி வழி கொடுத்தோம்.

எல்லாம் முடிந்தது. அண்ணனைப் பின்னிருக்கையில் அமர்த்தி, நாதசுர இசை ஒன்றை ஒலிக்கவிட்டேன். அவர் முகம் மலர்ந்தது. சிறிது நேரம் கேட்டுவிட்டுச் சிரித்தபடி சொன்னார்: “தம்பி, நாதசுரம் வந்துவிட்டது. இப்போது தவில்காரர் எங்கே?”

எனக்கு வியப்பு, பிறகு வெட்கம். ஒரு பக்க ஒலிபெருக்கியில் இரு கம்பிகளையும் இடம் மாற்றி இணைத்திருந்தேன். ஒரு கூம்பு முன்னே தள்ளும்போது மற்றது பின்னே இழுத்தது. இரண்டும் சேர்ந்து தவிலின் தாழ்ந்த முழக்கத்தைத் தின்றுவிட்டன. இதைக் கண்டறிய எளிய வழி உண்டு. ஒலிபெருக்கியின் இணைப்பைப் பெட்டியிலிருந்து கழற்றி, 1.5 வோல்ட் மின்கலத்தை அதன் கம்பிகளில் ஒரு கணம் மட்டும் தொடுங்கள். கூம்பு வெளியே நகர்ந்தால், மின்கலத்தின் நேர்முனை தொட்ட கம்பியே ஒலிபெருக்கியின் நேர்முனை. கம்பிகளை மாற்றினேன். தவில்காரர் திரும்பி வந்தார்.

மறைத்து வைத்திருந்தால் இந்தப் பிழையைத் தேடப் பலகை முழுவதையும் கழற்ற வேண்டியிருக்கும். வெளியே தெரிந்ததால் நான்கு திருகுகளைக் கழற்றியதே போதுமாயிற்று. வெளியே தெரியும் வேலை நம் குறையையும் காட்டும். திருத்தும் வழியையும் திறந்து வைத்திருக்கும்.

இப்படியொரு ஒலிபெருக்கியை, காந்தத்துக்குள் அசையும் கம்பிச் சுருளால் கூம்பை இயக்கும் முறையை, 1925-இல் அமெரிக்காவில் செஸ்டர் ரைஸ், எட்வர்டு கெல்லாக் என்ற இருவர் விளக்கி வெளியிட்டனர். இத்தனை ஆண்டுகளுக்குப் பின்னும் அடிப்படை மாறவில்லை. அறிஞர் தந்த கருவி கடையில் கிடைக்கிறது. அதை எந்த இடத்தில், யாருக்காக வைக்கிறோம் என்பது மட்டும் கடையில் கிடைப்பதில்லை.

சென்ற மாதம் மறுபடியும் தஞ்சாவூர்ச் சாலையில் போனோம். வானொலியில் செய்தி. ஒலி முன்னைவிடக் குறைவாகவே இருந்தது. பின்னால் வரும் வண்டிகளின் ஒலிப்பானும் எனக்கு நன்கு கேட்டது. ஒரு செய்தியைக் கேட்டதும் அண்ணன், “அது எப்படிச் சரியாகும்?” என்று பின்னாலிருந்து வழக்காடத் தொடங்கினார். நான் மறுத்தேன். அவர் விடவில்லை. கும்பகோணம் திரும்பும்வரை எங்கள் வாதம் ஓயவில்லை. வாதத்தில் தோற்றவன் நான்தான். ஆயினும் அன்றைப்போல் மகிழ்ந்து நான் கார் ஓட்டியது இல்லை.

இளைஞர்களே, உங்கள் வீட்டிலும் வகுப்பிலும் பின்னிருக்கையில் அமைதியாகத் தலையாட்டிக்கொண்டிருப்பவர் ஒருவர் இருக்கக்கூடும். அவருக்குக் கேட்கிறதா என்று திரும்பிப் பார்த்துக் கேளுங்கள். கேட்கவில்லையென்றால் குரலை உயர்த்தாதீர்கள், அருகே செல்லுங்கள். அதற்காக எதையேனும் வெட்ட நேர்ந்தால், அகலத்தோடு ஆழத்தையும் அளந்துவிட்டு வெட்டுங்கள்.