காயலான் கடைக் காற்றாலை

பள்ளிக்கூடம் இல்லை, கையில் காசும் இல்லை. பதினான்கு வயதுப் பையனுக்குப் பகல் முழுக்க எப்படிப் பொழுது போகும்? 2002-இல் மலாவி நாட்டில் வில்லியம் கம்குவாம்பாவின் நிலைமை அதுதான். ஊரில் பஞ்சம், கட்டணம் கட்ட முடியாமல் படிப்பு நின்றுவிட்டது.

பாடம் மறந்துவிடக் கூடாதே என்று உள்ளூர் நூலகத்துக்குப் போனான். ஒரு புத்தகத்தில் காற்றாலைப் படம் கண்ணில் பட்டது. ஆங்கிலம் தட்டுத் தடுமாறித்தான் வரும், படங்களே வாத்தியார். தானும் ஒன்று கட்ட இறங்கினான்.

பழைய சைக்கிள், டைனமோ, டிராக்டர் விசிறி, நெருப்பில் வாட்டித் தட்டையாக்கிய பிளாஸ்டிக் குழாய், தாங்குவதற்குத் தைல மரக் கோபுரம். எல்லாம் ஏறக்குறைய காயலான் கடைச் சரக்கு! பையனுக்குப் பித்துப் பிடித்துவிட்டதென்று ஊரே சிரித்தது. அம்மாவுக்கும் அதே சந்தேகம்.

காற்று வீசியது. பல்பு எரிந்தது.

சிரித்தவர்கள் பிறகு செல்போனுக்கு சார்ஜ் போட அவன் வீட்டு வாசலில் வரிசை கட்டினார்கள்.