நான்கு சதவீதமும் நம் பட்டறைகளும்

(தாதரில் நடந்த சங்கக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



தாராவியில் தோல் வெட்டுகிறோம், பை தைக்கிறோம், பெல்ட் அடிக்கிறோம். ஆனால் சரக்கு வெளியே போகும்போது நடுவில் நிற்கும் வியாபாரியின் பில்தான் அதோடு போகிறது. இந்த நிலையில் 'தாழ்த்தப்பட்டோர் நடத்தும் தொழில்' என்று சர்க்கார் ஏட்டில் பதிந்து என்ன லாபம் என்று கேட்கிறீர்கள். நியாயமான கேள்வி.

2012-இல் மத்திய சர்க்கார் ஓர் ஆணை போட்டது. அமைச்சகங்களும் பொதுத்துறை நிறுவனங்களும் வாங்குவதில் ஒரு பங்கைக் குறு, சிறு தொழில்களிடம் வாங்க வேண்டும். முதலில் 20 சதவீதம். 2018-இல் அது 25 என்று திருத்தப்பட்டது. அதற்குள் 4 சதவீதம் தாழ்த்தப்பட்ட, பழங்குடி மக்களின் தொழில்களுக்கு. டெண்டர் படிவம் இலவசம், முன்வைப்புத் தொகை கிடையாது. முக்கியமானது என்னவென்றால், இந்தச் சலுகை பொருளைச் செய்கிறவனுக்கு. வாங்கி விற்கிறவனுக்கு அல்ல. அப்படியிருந்தும் பல ஆண்டுகளாக அந்த 4 சதவீதம் நிரம்பவில்லை. ஆள் இல்லையா? இதோ இருக்கிறோம். நம்மிடம் காகிதம் இல்லை.

தொழிலைப் பதிவது எளிது. 2020 முதல் உத்யம் பதிவு கணினியில் நடக்கிறது; ஆதாரும் பான் எண்ணும் வேண்டும், கட்டணம் கிடையாது. இதற்கும் காசு கேட்கும் ஏஜெண்டை வாசலோடு அனுப்புங்கள்.

சிக்கல் சாதிச் சான்றிதழில். 1950 ஆகஸ்டு 10-க்கு முன்பே குடும்பம் இங்கே இருந்ததற்கு ஆதாரம் கொண்டா என்கிறது மகாராஷ்டிர சர்க்கார். குடிசையில் கிடந்த நம் பாட்டன் எந்தத் தாளைப் பத்திரப்படுத்தியிருப்பான்? ஒரு மாநிலத்துச் சலுகையை இன்னொரு மாநிலத்தில் கேட்க முடியாது என்று உச்ச நீதிமன்றமும் 1990-லும் 2018-லும் சொல்லிவிட்டது. திருநெல்வேலியில் ஏறியவனுக்குத் தாதரில் இறங்கும்போது சாதி கழன்றுவிடுமாம்! ரயில்வேயில் இத்தனை வருஷம் வேலை பார்க்கிறோம், அப்படியொரு வண்டியை நாங்கள் கண்டதில்லை.

ஆனால் அந்த 4 சதவீதம் மத்திய சர்க்காருடையது. தகப்பனாரின் சொந்த மாநிலச் சான்றிதழைக் காட்டினால், குடிபெயர்ந்தவர் பிள்ளைக்கு இங்குள்ள அதிகாரியே சான்றிதழ் தரலாம் என்று உள்துறை அமைச்சகம் 1980-களிலேயே எழுதியிருக்கிறது. ஆகவே ஊருக்குப் போகிறவர்கள் கோயில் கொடையோடு திரும்பிவிடாமல் தாலுகா ஆபீசுக்கும் போங்கள். பெரியவர்கள் உயிரோடு இருக்கும்போதே போங்கள்.

மாதா கோயிலுக்குப் போகும் நம் உறவினருக்கு இந்தக் கதவும் அடைப்பு. 1950 ஆணை இந்துக்களுக்கு மட்டும் என்றது. 1956-இல் சீக்கியரையும் 1990-இல் பௌத்தரையும் சேர்த்தார்கள். ஒரே பட்டறை, ஒரே தோல், பக்கத்தில் உட்கார்ந்து தைக்கிறவனுக்குச் சான்றிதழ் இல்லை. இது தனிப் போராட்டம், விடப்போவதில்லை.

இன்னொன்று. கூட்டுத் தொழிலானால் நம் பங்கு 51 சதவீதத்துக்குக் குறையக் கூடாது. அமெரிக்காவில் சிறுபான்மையோர் தொழில் என்று சான்று தரவும் இதே 51தான். அங்கே தொழிலை உண்மையில் நடத்துவது யார் என்றும் துருவுகிறார்கள். இங்கே சிலர் வந்து, "உன் பேரைக் கொடு, மாசம் ஒரு தொகை தர்றேன்" என்கிறார்கள். கொடுக்காதீர்கள். ஆர்டர் அவனுக்கு வரும், வரி நோட்டீஸ் உங்களுக்கு வரும்.

வரும் ஞாயிறு காலை சங்கத்தில் மனு எழுத ஆள் இருக்கும். தகப்பனார் சான்றிதழ், பள்ளி டி.சி., ரேஷன் கார்டு, இருப்பதை எடுத்து வாருங்கள்.