வகுப்பறையில் பிறக்கும் உவமை



'பள்ளி விடும் வேளை' என்னும் தலைப்பில் ஒருமுறை என் வகுப்பினரைக் கட்டுரை வரையச் சொன்னேன். பெரும்பாலோர், மாணவர் கூட்டம் கடல்போலப் பொங்கிற்று என்று எழுதினர். அவர்களுள் கடலைக் கண்டவர் மிகச் சிலரே. உழவர் வீட்டுப் பிள்ளை ஒருவன் மட்டும், கட்டவிழ்ந்த மூட்டையிலிருந்து நெல் சிதறுவதுபோல வாயிலில் சிதறினோம் என்று எழுதியிருந்தான். அந்த ஒரு வரியில் நெருக்கமும் தெரிந்தது, விடுதலையும் தெரிந்தது.

வினை, பயன், மெய், உரு என உவமையை நான்கு வகையாக வகுத்தார் தொல்காப்பியர். மெய் என்பது வடிவு. உரு என்பது நிறம். நெல்லுக்கும் மாணவர்க்கும் வடிவிலோ நிறத்திலோ ஒப்புமை இல்லை. சிதறுதலாகிய வினை ஒன்றே பொது. ஆகவே அது வினையுவமம்.

பள்ளி வாழ்வுக்கு உவமை தேடியவருள் பவணந்தி முனிவர் சிறந்தவர். நன்னூலின் பாயிரத்தில் மாணாக்கரை எட்டுப் பொருள்களோடு அவர் ஒப்பிடுகிறார். பாலையும் நீரையும் பிரிக்கும் அன்னமும், மேய்ந்ததைப் பின்னர் அசைபோடும் பசுவும் தலைமாணாக்கர்க்கு உவமை. உழைப்புக்கு ஏற்ப விளையும் மண்ணும், சொன்னதையே சொல்லும் கிளியும் இடைமாணாக்கர்க்கு உவமை. ஓட்டைக் குடம், செடிதோறும் நுனி கடிக்கும் ஆடு, குளத்தைக் கலக்கிக் குடிக்கும் எருமை, நெய்யை விட்டுக் கசடைப் பற்றும் நெய்யரி ஆகியவை கடைமாணாக்கர்க்கு உவமை. அன்னம் ஒன்று நீங்கலாக ஏனையவை வீட்டிலும் வயலிலும் அன்றாடம் காண்பனவே.

அந்நூலைக் கற்ற செருக்கில் நான் ஒரு பிழை செய்தேன். பாடத்தை மறந்து நின்ற ஒருவனை, 'நீ ஓட்டைக் குடம்' என்றேன். வகுப்பு நகைத்தது. பல நாள் அவன் வாய் திறக்கவில்லை. நெல் மூட்டை உவமையை எழுதியவன் அவனே! களத்தில் கண்டதைச் சிந்தாமல் காத்து வைத்திருந்த உள்ளத்தையா ஓட்டைக் குடம் என்றேன் என்று நாணினேன்.

வினையால் வந்த உவமை அவ்வினை அளவிலேயே நிற்கவேண்டும். ஆளுக்குப் பெயராகிவிடுதல் கூடாது. பவணந்தியார் எட்டு உவமைகளும் பிறர்மீது எறியும் கற்கள் அல்ல. நம்மை நாமே பார்த்துக்கொள்ளும் கண்ணாடிகள். இன்று ஆடுபோல மேய்ந்தவர் நாளை பசுபோல அசைபோடலாம்.

நாளை வகுப்பில் அமரும்போது உற்றுப் பாருங்கள். கண்டதற்கு உங்கள் வீட்டிலும் தெருவிலும் உவமை தேடுங்கள். அது எளியதாயினும் உங்களுடையதாக இருக்கட்டும்.