மூலையில் பூட்டிய நிலம்



பொது நிலம் என்று அரசு ஏட்டில் எழுதியிருப்பது வேறு, அந்த நிலத்தில் பொதுமக்கள் கால் வைக்க முடிவது வேறு. இந்த இரண்டுக்கும் உள்ள இடைவெளியை அமெரிக்காவின் மேற்கு மாநிலங்களைப் போல் அப்பட்டமாகக் காட்டும் இடம் அரிது. உரிமம் பெற்ற வேட்டைக்காரரும், தூண்டிலோடு வருபவரும், வெறுங்கையோடு நடக்க வருபவரும் நுழையலாம் என்று சட்டம் ஒப்புக்கொண்ட நிலத்தில் 83 லட்சம் ஏக்கர், மூலைகளைத் தவிர வேறு வழியே இல்லாமல் தனியார் நிலங்களுக்கு நடுவே அடைபட்டுக் கிடக்கிறது என்று, 11 மாநிலங்களின் நிலவரைபடங்களை ஆராய்ந்த ஒரு நிறுவனம் 2022இல் கணக்குக் காட்டியது.

'மூலை' என்ற சொல்லை இங்கே விளக்கியாக வேண்டும். கண்டத்தின் குறுக்கே இருப்புப்பாதை போட முன்வந்த நிறுவனங்களுக்கு 1862ஆம் ஆண்டின் பசிபிக் ரயில்பாதைச் சட்டம் கடன் உதவியோடு நிலத்தையும் வாரிக் கொடுத்தது. பாதையின் இருபுறமும் நிலத்தை ஒரு மைல் நீளமும் ஒரு மைல் அகலமும் உள்ள, அதாவது 640 ஏக்கர் கொண்ட கட்டங்களாக அளந்து, ஒற்றைப்படை எண் கட்டங்களை ரயில் நிறுவனத்துக்குத் தந்து, இரட்டைப்படைக் கட்டங்களை அரசு தன்னிடம் வைத்துக்கொண்டது. ரயில் ஓடத் தொடங்கினால் தன் பங்கின் விலை ஏறும், விற்றுக் காசு பார்க்கலாம் என்பது அரசின் கணக்கு. மழை குறைந்த அந்தப் புல்வெளியில் அந்தக் கணக்கு பொய்த்தது. வாங்க ஆள் வராத கட்டங்கள் அரசிடமே தங்கிவிட்டன. நிலமே சதுரங்கப் பலகை போலானது. அந்தப் பலகையில் ஒரு கறுப்புக் கட்டமும் இன்னொரு கறுப்புக் கட்டமும் எந்தப் பக்கத்திலும் ஒட்டுவதில்லை, ஒரு புள்ளியில் மட்டுமே தொட்டுக்கொள்கின்றன. அந்தப் புள்ளிதான் மூலை. ஒரு புறம்போக்கிலிருந்து அடுத்த புறம்போக்குக்கு அதைத் தாண்டிப் போவதுதான் 'மூலை தாண்டல்'. புள்ளிக்கு அகலம் கிடையாது, மனிதனுக்கு உண்டு என்பதால்தான் இத்தனை வழக்குகளும் வந்தன.

வயோமிங் மாநிலத்தின் கார்பன் கவுண்டியில் எல்க் மலை என்றொரு மலை இருக்கிறது. அதன் சரிவுகளில் பெரிய எல்க் மான்கள் மேய்கின்றன. மலையைச் சுற்றிய தனியார் கட்டங்கள் வேறு மாநிலத்தில் வாழும் ஒரு செல்வந்தரின் நிறுவனத்துக்குச் சொந்தம். அங்கே ஒரு மூலையில், நில அளவையர் பதித்த உலோகக் குறிக்கு இருபுறமும் இரண்டு எஃகுக் கம்பங்கள் நடப்பட்டு, அவற்றுக்கு இடையே சங்கிலி கட்டப்பட்டு, 'உள்ளே வராதே' என்ற பலகைகளும் மாட்டப்பட்டிருந்தன. 2020இல் மிசௌரியிலிருந்து வந்த வேட்டைக்காரர்கள் கம்பத்தைப் பிடித்துச் சுழன்று, ஒரு பொதுக் கட்டத்திலிருந்து மறு பொதுக் கட்டத்துக்குக் கால் மாற்றினார்கள். மறு ஆண்டு நால்வராக வந்தவர்கள் எஃகினால் ஓர் ஏணி செய்து கொண்டுவந்தார்கள். மூலையின் மேல் அதைக் கவட்டையாக விரித்து நிறுத்தி, இந்தப் பக்கம் ஏறி அந்தப் பக்கம் இறங்கினார்கள். தனியார் மண்ணில் அவர்களின் காலணியின் அடித்தடம் ஒன்றுகூடப் பதியவில்லை. ஆயினும் அத்துமீறி நுழைந்ததாகக் குற்றவழக்கு வந்தது. 2022 ஏப்ரலில் உள்ளூர் நடுவர் குழு நால்வரையும் விடுவித்த பிறகும், நில உரிமையாளர் தரப்பு தொடுத்த உரிமையியல் வழக்கு தொடர்ந்தது.

நிலத்தைத் தொடாதவர் எப்படி அத்துமீறியவர் ஆவார்? மண்ணுக்கு உரியவர் மண்ணுக்கு மேலுள்ள காற்றுவெளிக்கும் உரியவர், ஏணியில் ஏறியவரின் தோளும் முழங்கையும் அந்தக் காற்றுவெளியைக் கடந்தன என்பதுதான் உரிமையாளர் தரப்பின் வாதம். வாதம் வேடிக்கையாகத் தோன்றலாம், ஆனால் கேட்ட இழப்பீட்டுக் கணக்கு வேடிக்கை அன்று: மூலை தாண்டல் சட்டப்படி சரியென்று ஆகிவிட்டால் பண்ணையின் மதிப்பு 77.5 லட்சம் டாலர் குறையும் என்று அத்தரப்பு சொன்னது. இந்தத் தொகையை இந்த அவை நின்று நிதானித்துப் பார்க்க வேண்டும். சில நொடிகள் காற்றில் கடந்த ஒரு முழங்கையால் ஒரு புல்லும் மடியவில்லை, ஒரு வேலியும் அறுபடவில்லை. அப்படியானால் குறையப்போகும் மதிப்பு எதன் மதிப்பு? விலை கொடுத்து வாங்காத, வரி கட்டாத, பத்திரத்தில் இல்லாத பொதுக் கட்டங்களைத் தனக்கு மட்டும் என்று வைத்திருந்ததன் மதிப்புதான் அது. பட்டா நிலத்தை விற்கும்போது பக்கத்துப் புறம்போக்கையும் சேர்த்து விலை பேசுபவரை எந்த ஊரிலும் ஆக்கிரமிப்பாளர் என்றுதான் சொல்வார்கள். எல்க் மலையில் அவரே மற்றவர்களை அத்துமீறியவர்கள் என்று வழக்குப் போட்டார்.

இந்தத் தந்திரம் புதியதும் அன்று. கால்நடைப் பெருமுதலாளிகள் பொது மேய்ச்சல் நிலத்தை வளைத்து வேலி போட்ட காலத்தில், 1885இலேயே, சட்டவிரோத அடைப்புத் தடைச் சட்டம் வந்துவிட்டது. பொது நிலத்தில் அமைதியாக நுழைபவரையோ கடந்து போபவரையோ வேலியாலும் மிரட்டலாலும் வேறெந்த முறைகேடான வழியாலும் தடுக்கக் கூடாது என்கிறது அது. கொலராடோவில் ஒருவர் தன் ஒற்றைப்படைக் கட்டங்களுக்குள்ளேயே சாமர்த்தியமாக வேலியை ஓட்டி, ஏறத்தாழ 20,000 ஏக்கர் பொது நிலத்தை உள்ளே மடக்கினார். வேலி நின்றது அவருடைய மண்ணில்தான் என்றாலும் அதை அகற்றியே தீர வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1897இல் தீர்ப்பளித்தது. அதே வயோமிங்கில், 28 மைல் நீள வேலியால் புரோங்ஹார்ன் என்னும் மான் போன்ற விலங்குகள் குளிர்கால மேய்ச்சலுக்குப் போக முடியாமல் தவித்தபோது, அந்த வேலியும் இதே சட்டத்துக்கு முரணானது என்று 1988இல் பத்தாவது வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது. விலங்குக்குத் திறந்த வழியை மனிதனுக்கு அடைத்து வைத்திருந்ததுதான் எல்க் மலையின் கதை.

உயிரைக் கொல்லும் வேட்டையை விரும்பாதோர் இந்த அவையிலும் பலர் இருப்பர். அவர்கள் யாரும் மனம் மாற வேண்டியதில்லை. ஆனால் அந்நாட்டில் துப்பாக்கிக்கும் தோட்டாவுக்கும் விதிக்கப்படும் தனி வரி 1937ஆம் ஆண்டின் சட்டப்படி காட்டுயிர்ப் பாதுகாப்புக்குப் போகிறது என்பதும், மூலையில் சங்கிலி கட்டினால் பறவை பார்க்க வருபவரும் அதே சங்கிலியின் முன்தான் நிற்பார் என்பதும் மறக்கத்தக்கவை அல்ல.

உரிமையாளர் தரப்புக்கும் ஒரு பிடி இருந்தது. தனியார் கட்டங்களின் குறுக்கே அரசு சாலை போட்ட வழக்கில், நிலத்தைக் கொடுத்தபோது பாதை உரிமையை அரசு தனக்கு வைத்துக்கொள்ளவில்லை என்று 1979இல் உச்ச நீதிமன்றம் கூறியிருந்தது. மண்ணை வெட்டிச் சாலை போடுவதும் காற்றில் ஓர் அடி கடப்பதும் ஒன்றாகுமா? 2023இல் மாவட்ட நீதிமன்றமும், 2025 மார்ச்சில் பத்தாவது வட்டார நீதிமன்றமும் வேட்டைக்காரர்கள் பக்கமே தீர்ப்பளித்தன. மாநிலச் சட்டப்படி காற்றுவெளியும் உரிமையாளருடையதே என்று ஒப்புக்கொண்ட மேல்முறையீட்டு நீதிமன்றம், அந்த உரிமையைக் கொண்டு பொது நிலத்தை அடைப்பதை 1885ஆம் ஆண்டுச் சட்டம் அனுமதிக்கவில்லை என்று முடித்தது. 2025 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் மேல்முறையீட்டை ஏற்க மறுத்தது.

வென்றாயிற்று என்று கைதட்டிக் கலைவதற்கு இன்னும் நேரம் வரவில்லை. அந்தத் தீர்ப்பு வயோமிங், கொலராடோ, யூட்டா, நியூ மெக்சிகோ, கான்சஸ், ஓக்லஹோமா ஆகிய ஆறு மாநிலங்களை மட்டுமே கட்டுப்படுத்தும். நாடு முழுவதற்கும் ஒரே சொல்லில் இதை முடிக்கும் அதிகாரம் அந்நாட்டு நாடாளுமன்றமான காங்கிரசுக்கு உண்டு. அது செய்யாதவரை மற்ற மாநிலங்களின் மூலைகள் பெரும்பாலும் பூட்டியே கிடக்கும். வயோமிங்கின் வடக்கு எல்லையைத் தாண்டினால் மொன்டானா. அங்கே மூலை தாண்டுவது இன்றும் சட்டவிரோதமே என்று 2025இல், அந்தத் தீர்ப்பு வந்த பிறகும், மாநிலத்தின் காட்டுயிர்த் துறை அறிவித்திருக்கிறது.