ஒருதலை வேட்கைக்குக் காதலென்று பெயரா?

(அவிநாசியில் ஆற்றிய உரை)



திருப்புக்கொளியூர் என்னும் பழம்பெயர் பூண்ட இவ்வூர், பாட்டின் ஆற்றலைப் போற்றிய ஊர். முதலை விழுங்கிய சிறுவனைச் சுந்தரர் பாடி மீட்டார் என்பது இவ்வூர்க் கோயிற்கதை. நம்புவார் நம்புக, நம்பாதார் விடுக. உயிரை மீட்பதே பாட்டின் பயன் என நம் முன்னோர் கருதினர் என்பதையேனும் அதனின்று கொள்வோம்.

இன்று நம் இளைஞர் செவியில் ஒலிக்கும் பாட்டு எத்தகையது? ஒருவன் விரும்புகின்றான், அவள் மறுக்கின்றாள். உடனே அவள் கொடியவள். அவன் குடிப்பதும் குத்தத் துடிப்பதும் ஆண்மை! 2011-இல் உலகெங்கும் பரவிய திரைப்பாட்டொன்று, கொலைவெறி என்பதையே விளையாட்டுச் சொல்லாக்கிற்று. 2015 திசம்பரில் பெண்ணை இழித்துரைத்த பாட்டொன்று இணையத்தில் பரவியபோது, மாதர் அமைப்பினர் முறையிட்டதன்மேல் கோவைக் காவல்துறை வழக்குப் பதிந்தது.

வேட்கையைப் பாடுதல் தவறா எனக் கேட்பீர். தவறன்று. வேட்கை மாந்த இயல்பு; அதற்கு இழுக்கும் ஆற்றல் உண்டு; இன்னிசை சேர்ந்தால் இருமடங்கு இழுக்கும். நம் முன்னோரும் அதனைப் பாடினர். எருக்கம்பூச் சூடிப் பனைமடற் குதிரை ஏறும் நினைவைத் தலைவன் வெளியிடும் பாட்டுகள் குறுந்தொகையில் உள. ஆயின், தொல்காப்பியர் அங்கே ஒரு கோடு கிழித்தார். மடலேறுவேன் எனச் சொல்லுதற்கு அகத்திணையில் இடமுண்டு; ஏறிவிட்டாலோ அது பெருந்திணை, அஃதாவது பொருந்தாக் காமம். ஒருவர் மட்டும் விரும்புவது கைக்கிளை. அன்பொத்த இருவர் ஒழுக்கமே ஐந்திணை. மடலேறுவோனும் பெண்ணை ஊரறிய நாணச்செய்து நெருக்குபவனே. எனினும், கருக்கு மடல் கிழிப்பது அவன் உடலைத்தான். அதனையே விலக்கி வைத்த மரபு, அவள்மேற் கத்தி ஓங்கும் பாட்டைக் காதற்பாட்டென ஏற்குமா?

2012 நவம்பரில் காரைக்காலில், மணக்க மறுத்த இளம்பெண்மீது ஒருவன் எரிநீர் (திராவகம்) வீசினான். ஏறத்தாழ மூன்று திங்கள் துன்புற்று, 2013 பிப்பிரவரியில் அவள் இறந்தாள். பாட்டுத்தான் அக்கையை ஏவிற்று என்று யான் கூறேன். ஆனால், மறுப்பைக் குற்றமென்றும் பழிவாங்கலைக் காதலென்றும் நாளும் கேட்டுப் பழகிய உள்ளம், அக்கொடுமையைக் கேட்டவுடன் "அவள் என்ன செய்தாளோ?" என்றன்றோ வினவுகின்றது!

தோழர்களே, பாட்டைத் தடை செய்க என்று கூற வரவில்லை. ஓர் உரைகல் தருகின்றேன். அகப்பாட்டில் தலைவி பேசுவாள், தோழி பேசுவாள், தலைவனை மறுத்துத் திருப்பியும் விடுவாள். நீங்கள் முணுமுணுக்கும் பாட்டில் அவளுக்கு வாய் உண்டா? 'மாட்டேன்' என்னும் அவள் சொல்லுக்கு மதிப்பு உண்டா? இல்லையெனில் அதனைக் காதல் என்னாதீர். கைக்கிளை என்க, பெருந்திணை என்க. திருவிழா ஒலிபெருக்கியிலும் திருமணப் பந்தலிலும் அதனைப் போடுமுன், நும் உடன்பிறந்தாள் செவிகொண்டு ஒருமுறை கேளுங்கள்.