ஏரியைச் சுற்றி ஒரு நடை



கொடைக்கானல் ஏரி என்றதும் பலருக்கும் படகுச் சவாரிதான் நினைவுக்கு வரும். அந்த ஏரியைச் சுற்றி நடந்து பார்த்திருக்கிறீர்களா? சுமார் 5 கிலோமீட்டர். மலையூர்தான், ஆனாலும் பாதை ஏரிக்கரையை ஒட்டியே போவதால் ஏற்ற இறக்கம் அதிகமில்லை. தாத்தா, பாட்டி, பேரப்பிள்ளைகள் எல்லோரும் சேர்ந்தே நடக்கலாம்.

அது இயற்கையாக அமைந்த ஏரி அல்ல. மதுரை ஆட்சியராக இருந்த லெவிஞ்ச் 1863-இல் ஓடைகளுக்குக் கரை கட்டி உருவாக்கியது.

ஏரியைச் சுற்றி அவ்வளவு தூரம் நடக்க முடியாது என்பவர்களுக்குக் கோக்கர்ஸ் வாக் இருக்கிறது. 1872-இல் மலைச்சரிவின் விளிம்பில் அமைத்த பாதை. ஏறக்குறைய 1 கிலோமீட்டர். மூடுபனி ஏறுவதற்குள் போனால், கீழே சமவெளி விரிந்து கிடப்பதைக் கண்குளிரப் பார்க்கலாம்.

நடப்பதற்காகக் கொடைக்கானல் வரை போக வேண்டியதில்லை. உங்கள் ஊர்க் கண்மாய்க்கரையும் பூங்காவும் போதும். பெரியவர்களுக்கு வாரத்தில் குறைந்தது 150 நிமிடம் மிதமான உடலுழைப்பு வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். தினம் அரை மணி நேரமாக 5 நாள் நடந்தால் கணக்கு நேராகிவிடும். நடக்கும்போது பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. அதுதான் சரியான வேகம். வீட்டில் இருப்பவர்களையும் கூப்பிட்டுக்கொண்டு இன்றைக்கே புறப்படுங்கள்.