மதகும் வாய்க்காலும்

 

காவிரியும் கொள்ளிடமும் பிரிந்து ஸ்ரீரங்கத்தைத் தீவாக்கும் முக்கொம்பை நாம் யாவரும் அறிவோம். 2018 ஆகஸ்டில் அங்கே கொள்ளிடத்து மதகுகள் உடைந்து, நீர் வீணே ஓடியதையும் கண்டோம். மதகு பழுதானாலும் பயிர் வாடும்; வாய்க்கால் தூர்ந்தாலும் பயிர் வாடும். நம் இதயத்தின் மதகு வால்வு. இதயத் தசைக்கு இரத்தம் தரும் குழாய்களே வாய்க்கால். முதியோர் சிலருக்கு இவ்விரண்டும் ஒருங்கே பழுதாகின்றன.

முன்னெல்லாம் இதற்கு வழி ஒன்றே. நெஞ்செலும்பை நெடுகப் பிளந்து, வால்வையும் மாற்றி, அடைப்புக்கு பைபாஸும் செய்வர். 1977-இல் ஜூரிச் நகரில் குருன்ட்ஸிக் என்னும் மருத்துவர் இதயக் குழாய் அடைப்பை பலூனால் விரித்தார். 1986-இல் ஸ்டென்ட் வந்தது. பின்னர் விலா எலும்புகளுக்கிடையே சிறு கீறலிட்டு வால்வைச் சீரமைக்கும் முறையும் வளர்ந்தது. இவற்றை இணைத்து, முதலில் கை அல்லது தொடை வழியே ஸ்டென்ட், அடுத்து சிறு கீறலில் வால்வு எனச் செய்வதே புதிய முறை. முதலில் ஸ்டென்ட், பிறகு வால்வு என்னும் இவ்வரிசையில் சிகிச்சை பெற்றோரைப் பற்றி பாஸ்டன் மருத்துவர்கள் 2005-இல் எழுதினர். நெஞ்செலும்பு பிளவுபடாததால் முதியோர் விரைவில் எழுந்து நடமாடலாம். எனினும் இது எல்லோருக்கும் உரியதன்று. பல குழாய்களில் கடும் அடைப்பு இருப்பின் பைபாஸே சிறந்ததாக அமையக்கூடும்.

இதில் நுட்பமான சிக்கல் ஒன்றுண்டு. ஸ்டென்ட் வைத்தபின் இரத்தம் உறையாதிருக்க மாத்திரைகள் அவசியம். அவற்றை நிறுத்தினால் ஸ்டென்ட்டுக்குள் இரத்தம் உறையலாம். தொடர்ந்தால் வால்வு அறுவையில் இரத்தப்போக்கு மிகலாம். ஆகவே ஸ்டென்ட் வைக்கும் மருத்துவரும் அறுவை மருத்துவரும் முன்கூட்டியே கலந்து நாள் குறிக்க வேண்டும். நம் குடும்பத்தாரோ, ஸ்டென்ட் வைத்ததும் வலி தணிந்ததெனக் கருதி, வால்வை மறந்துவிடுகின்றனர். மதகை அப்படியே விட்டு வாய்க்காலை மட்டும் தூர்வாருவதற்கு ஒப்பானது இது.

எனவே மூன்று செய்திகளை மனத்தில் இருத்துவோம். ஒன்று: ஸ்டென்ட்டுக்கு இசையுமுன், வால்வின் நிலை என்ன, இரண்டுக்கும் காப்பீடு உண்டா எனக் கேட்போம். இரண்டு: உலோக வால்வுக்கு ஆயுள் முழுதும் மாத்திரையும் இரத்தப் பரிசோதனையும் வேண்டும், திசு வால்வு நாளடைவில் தேயும். பன்றித் திசு வால்வு கூடுமா என நம்மிடம் பலர் வினவுகின்றனர். மாட்டின் இதய உறையால் ஆன வால்வும் உண்டு. முன்னரே கேட்டுத் தெரிவு செய்யலாம். வேறு வழியற்ற நிர்ப்பந்தத்தில் உயிர் காப்பதே முதன்மை என்பது மார்க்க அறிஞர் பலரின் தீர்ப்பு. மூன்று: ரமளானிலும் மாத்திரையை நாமாக நிறுத்தலாகாது. ஸஹரிலும் இஃப்தாரிலும் உட்கொள்ள இயலுமா என மருத்துவரிடம் கேட்போம். இயலாதெனில் நோயாளிக்கு மார்க்கம் சலுகை வழங்கியுள்ளது. அதை ஏற்பது ஈமானில் குறைவாகாது.

அல்லாஹ் நம் முதியோருக்குப் பூரண ஷிஃபாவையும், அவர்களைப் பேணும் பிள்ளைகளுக்குப் பொறுமையையும் அருள்வானாக! ஆமீன். வஸ்ஸலாம்.